பைரவ் இராகமும் வைகறைப் பொழுதும்

பொழுதையும் பாட்டையும் இணைத்துக் காண்பது தமிழர்க்குப் புதியதோர் எண்ணம் அன்று. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்திற்கு வைகறை எனச் சிறுபொழுதுகளைத் திணைகளுக்கு உரிமையாக்கிய தொல்காப்பியர், யாழையும் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தார். தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என வகுத்துப் பாடும் மரபு நம் கோயில்களில் நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. திருப்பள்ளியெழுச்சி வேளையில் நாகசுரத்தில் பூபாளமும் பௌளியும் ஒலிப்பதும் அம்மரபின் தொடர்ச்சியே. ஆயினும் கருநாடக இசைக் கச்சேரி மேடையில் இப்பொழுது வரையறை பெரிதும் தளர்ந்துவிட்டது. காலை இராகம் ஒன்றை மாலையில் பாடுவோரை இங்கு எவரும் குறை கூறுவதில்லை.

வட இந்தியாவின் இந்துஸ்தானி இசையிலோ அவ்வரையறை இன்றும் உயிரோடிருக்கிறது. பகல் நான்கு, இரவு நான்கு எனப் பொழுதை எட்டுப் பிரஹர்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் உரிய இராகங்களை அவர்கள் வகுத்துள்ளனர். பழைய வடமொழி இசைநூலான சங்கீத மகரந்தம், காலம் தவறிப் பாடுவோர்க்குக் கேடு விளையும் என்றுகூட எச்சரிக்கிறது. அத்தகைய காலை இராகங்களுள் தலைமை சான்றது பைரவ்.

இவ்விராகத்தைப் பற்றிப் பேசும்போது இருவகைக் கருத்துகள் பொதுவாக எழுகின்றன. சுரங்களிலேயே விடியல் பொதிந்திருக்கிறது, கேட்டவுடன் எவர்க்கும் அது புலப்படும் என்பது ஒன்று. பொழுது வரையறை வெறும் பழைய நம்பிக்கை, காதுக்கு இனியதை எப்போது கேட்டால் என்ன என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பாதி உண்மைகளே என்பது இக்கட்டுரையின் துணிபு. பைரவ் இராகத்தின் விடியல் சுரங்களை மட்டும் சார்ந்ததன்று. பாடுவோர் சுரங்களை ஆளும் நடையையும், கேட்போர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த உடன்பாட்டையும் அது சார்ந்துள்ளது. இதனை உணர்ந்தால் பிறமொழியார் இசையைக் கேட்கும் வழி நமக்குத் திறக்கும். நம் இலக்கியத்தைக் கற்பிக்கும் முறைக்கும் அதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கும்.

பெயர்களில் நேரும் மயக்கம்

முதலில் பெயர் மயக்கம் ஒன்றைத் தெளிவித்துக் கொள்ளுதல் நன்று. பைரவ் வேறு; பைரவி வேறு. இந்துஸ்தானி பைரவியின் சுரங்கள் நம் தோடியின் சுரங்களை ஒத்தவை. கருநாடக பைரவியோ நடபைரவியில் பிறந்த பிறிதோர் இராகம். இவ்விரண்டிற்கும் வேறாக நிற்கும் பைரவ், சிவபெருமானின் பைரவ வடிவத்தால் பெயர் பெற்றது. இராகமாலை ஓவியங்களைத் தீட்டிய வடநாட்டு ஓவியர்கள், நீறணிந்து, அரவம் பூண்டு, சடையில் கங்கையைத் தாங்கிய இறைவனாகவே இவ்விராகத்தை உருவகித்தனர்.

சுரங்களின் பெயர்களிலும் மயக்கம் உண்டு. நாம் சுத்த ரிஷபம், சுத்த தைவதம் எனக் கூறும் தாழ்ந்த சுரங்களை அவர்கள் கோமள் என்பர். நாம் அந்தர காந்தாரம், காகலி நிஷாதம் என வழங்குபவை அவர்களுக்குச் சுத்த சுரங்கள். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு நோக்கினால் வியப்பான செய்தி ஒன்று புலனாகும். பைரவ் இராகத்தின் ஏழு சுரங்களும் நம் பதினைந்தாவது மேளமாகிய மாயாமாளவகௌளையின் சுரங்களே! இசை பயிலத் தொடங்கும் தமிழ்ச் சிறுவன் முதல் நாளில் பாடும் சரளி வரிசை இதே ஏணியில்தான் அமைந்துள்ளது. அம்முறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்று மரபு கூறும்.

இச்சுரங்களின் அமைப்பை ஆர்மோனியத்தின் மீது விரல் வைத்துப் பார்ப்போர் எளிதில் உணரலாம். சட்ஜமும் ரிஷபமும் அடுத்தடுத்த கட்டைகள். காந்தாரமும் மத்தியமமும் அவ்வாறே. பஞ்சமமும் தைவதமும் அவ்வாறே. நிஷாதமும் மேல் சட்ஜமும் அவ்வாறே. எட்டுச் சுரங்கள் நான்கு இணைகளாக நெருங்கி நிற்கின்றன. ரிஷபத்திற்கும் காந்தாரத்திற்கும் இடையிலும், தைவதத்திற்கும் நிஷாதத்திற்கும் இடையிலும் அகன்ற வெளி கிடக்கிறது. கீழ்ப்பாதியின் அமைப்பு மேற்பாதியில் அப்படியே மீண்டும் வருகிறது. இச்செம்மையான அமைப்பே தொடக்க மாணவர்க்கு இதனை ஏற்றதாக்கிற்று எனலாம்.

ஒரே ஏணி, வெவ்வேறு நடை

ஏணி ஒன்றாயின் இராகமும் ஒன்றுதானே என்னும் வினா இங்கு எழும். அன்று என்பதே விடை. சரளி வரிசையில் ரிஷபம் ஒரு படி. அதனை மிதித்து மாணவன் மேலே செல்கிறான். பைரவில் ரிஷபம் ஒரு தங்குமிடம். இசைவாணர் காந்தாரத்திலிருந்து மெல்ல வழுக்கி இறங்கி, ரிஷபத்தை அடைந்து, அங்கே குரலை நிதானமாக அசைத்து அசைத்து நிறுத்துகிறார். ஏரிக்கரையில் கட்டிய படகு சிற்றலையில் ஏறி இறங்குவதுபோன்ற அவ்வசைவை ஆந்தோலன் என்பர். தைவதத்திலும் அதே அசைவு, நிஷாதத்தின் சாயலோடு நிகழும். நம் கமகங்களோடு ஒப்பிடின் இது மிக மெதுவானது. ஒவ்வோர் அசைவையும் கேட்பவர் எண்ணிக்கொண்டே வரலாம்.

இவ்விரு சுரங்களின் அசைவே பைரவின் உயிர்நிலை. தைவதத்தை வாதி என்றும் ரிஷபத்தைச் சம்வாதி என்றும் இலக்கணம் கூறும். அரசனும் அமைச்சனும் போல அவை இராகத்தை ஆள்கின்றன.

அசைவை நீக்கினால் என்ன ஆகும்? அதற்கும் அவர்கள் மரபிலேயே விடை இருக்கிறது. காலிங்கடா என்றோர் இராகம் உண்டு. பைரவின் அதே ஏழு சுரங்கள். ஆனால் ரிஷப தைவதங்களில் அந்த நீண்ட அசைவு இல்லை. அதனால் அது எளிமையும் துள்ளலும் உடைய மெல்லிசைப் பாடல்களுக்கு உரியதாயிற்று. ஜோகியாவும் இக்குடும்பத்ததே. அது ஏறும்போது காந்தாரத்தையும் நிஷாதத்தையும் விடுத்துச் செல்லும். துறவியின் ஏக்கத்தை ஒத்த இரக்கம் அதில் மேலோங்கும். ராம்கலியோ தீவிர மத்தியமத்தையும் கோமள் நிஷாதத்தையும் ஒரு சொற்றொடரில் மட்டும் சேர்த்துக்கொண்டு தனித்து நிற்கும். ஒரு வீட்டில் பிறந்த உடன்பிறப்புகளின் முகச்சாயல் ஒன்றாயினும் குணம் வேறுபடுவதுபோல் இவை வேறுபடுகின்றன.

நம் யாப்பிலக்கணமும் இதனையே உணர்த்துகிறது. சீரும் தளையும் பிழையாது அமைந்த நான்கடி, வெண்பாவின் இலக்கணத்தை நிறைவு செய்துவிடும். அது கவிதையாவதற்கு வேறொன்று வேண்டும். சுரவரிசையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, இதுதான் பைரவ் என்று கூறும் ஆசிரியர், தளை பிரித்துக் காட்டியே பாடத்தை முடித்துக்கொள்ளும் ஆசிரியரை ஒத்தவர்.

பாத்கண்டேயின் வரையறை

பொழுது பற்றிய மரபை இக்காலத்தார் விளங்கிக் கொள்ளும்படி ஒழுங்குபடுத்தியவர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே (1860–1936). வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய இவர், இசையாராய்ச்சிக்கே வாழ்வை ஒப்படைத்தார். 1904-இல் தென்னிந்தியாவிலும் பயணம் செய்து நம் இசைமரபை நேரில் ஆராய்ந்தார். வேங்கடமகியின் எழுபத்திரண்டு மேளப் பகுப்பை அறிந்த இவர், வடநாட்டு இராகங்களைப் பத்துத் தாட்களில் அடக்கினார். அப்பத்தனுள் பைரவும் ஒன்று.

இவர் கூறிய பொழுது விதிகளுள் மூன்று இங்கு வேண்டப்படுவன. கோமள் ரிஷபமும் சுத்த காந்தாரமும் சேர்ந்து வரும் இராகங்கள் இரவும் பகலும் சந்திக்கும் வேளைக்கு உரியவை என்பது முதல் விதி. அவ்விராகங்களில் சுத்த மத்தியமம் ஓங்கினால் விடியல், தீவிர மத்தியமம் ஓங்கினால் அந்தி என்பது இரண்டாம் விதி. வாதிச் சுரம் ஏணியின் மேற்பாதியில் நின்றால் நள்ளிரவு முதல் நண்பகல் வரையும், கீழ்ப்பாதியில் நின்றால் நண்பகல் முதல் நள்ளிரவு வரையும் அந்த இராகம் பாடப்பெறும் என்பது மூன்றாம் விதி.

இரண்டாம் விதியின் அழகை நம் மேளப் பகுப்பைக் கொண்டே காட்டலாம். பதினைந்தாம் மேளத்தின் மத்தியமத்தை மட்டும் உயர்த்தினால் ஐம்பத்தோராம் மேளமாகிய காமவர்த்தனி கிடைக்கிறது. இதனையே வடநாட்டார் பூர்வி தாட் என்பர். பைரவ் விடியலுக்கு உரியது. பூர்வி அந்திக்கு உரியது. பூர்வி இராகத்தில் சுத்த மத்தியமமும் இடையே சிறிது தலைகாட்டும். ஆயினும் ஆட்சி தீவிர மத்தியமத்தினுடையதே. ஒரு சுரம் ஒரு படி நகர்ந்ததும் உதயம் அத்தமனம் ஆகிவிடுகிறது! சுத்த மத்தியமத்தில் குரல் இளைப்பாறலாம். தீவிர மத்தியமமோ அருகிலுள்ள பஞ்சமத்தை நோக்கிச் சாய்ந்துகொண்டே இருக்கும். அதில் அமைதி கொள்ள இயலாது. ஒன்றில் நிலைபெறும் உணர்வும் மற்றொன்றில் கலக்கமும் மிகுவதற்கு இதனை ஒரு காரணமாகக் கருதலாம்.

பாத்கண்டேயின் பணி பெரிது. 1926-இல் இலக்னோவில் இசைக்கல்லூரி தோன்றவும் அவர் துணைநின்றார். ஓரிரு குடும்பங்களுக்குள் மறைந்திருந்த கல்வி பலர்க்கும் பொதுவாவதற்கு அவர் போன்றோரின் உழைப்பே வழிவகுத்தது. எனினும் விதிகள் மரபை விளக்கப் பிறந்தவை. மரபைப் பெற்றெடுத்தவை அல்ல. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இராகங்களுக்குப் பொழுது உரிமையாக்கப்பட்டிருந்தது.

கௌரி தரும் சான்று

சுரங்களிலேயே விடியல் உறைகிறது என்பார்க்கு மறுப்பாக ஓர் இராகத்தைக் காட்டலாம். அதன் பெயர் கௌரி. இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. பைரவ் தாட்டைச் சார்ந்த கௌரியில் பைரவின் அதே சுரங்களே பயில்கின்றன. ஆயினும் அது பாடப்பெறுவது அந்திப்பொழுதில். ரிஷபத்திற்கு முதன்மை தந்து கீழ்ப்பாதியில் அது பெரிதும் உலவுகிறது. அதே மத்தியமம், அதே தைவதம், அதே நிஷாதம். ஆனால் பொழுது நேர்மாறானது.

சுரங்களுக்கே வைகறையைத் தோற்றுவிக்கும் ஆற்றல் இருக்குமாயின் கௌரி எவ்வாறு அந்திக்கு உரியதாகும்? எந்தச் சுரத்தில் தங்குகிறோம், எதனைக் கடந்து போகிறோம், எந்த நிலையில் உலவுகிறோம் என்பனவே இராகத்தின் முகத்தை வரைகின்றன. அம்முகத்தைக் கண்டு இது விடியல், இது அந்தி என இனங்காண்பது கேட்போரின் பயிற்சி. இதனை முன்பின் அறியாத ஒருவர் பைரவைக் கேட்டால் கம்பீரம் என்பார். துயரம் என்றும் கூறலாம். விடியல் என்று அவர் கூறுவார் என எதிர்பார்ப்பது முறையன்று.

உடன்பாடு வெறும் கற்பனையா?

அவ்வாறாயின் பொழுது வரையறை பொருளற்ற கட்டுப்பாடு என்று முடிவுகட்டலாமா? அதுவும் பிழையே. மருதத்திற்கு வைகறை என்றது ஓர் உடன்பாடு. பரத்தையிடமிருந்து மீளும் தலைவன் வாயிலில் நிற்கும் நேரம் அது. இரவெல்லாம் உறங்காத தலைவியின் ஊடல் முதிரும் நேரமும் அதுவே. வாழ்க்கையில் வேரூன்றிய உடன்பாடு ஆதலால் அது நிலைத்தது. கவிஞன் வைகறை என்று குறித்தவுடன் கற்றோர் நெஞ்சில் மருதம் முழுவதும் விரிந்தது. புலவன் பத்துச் சொல்லில் கூறவேண்டியதை ஒரு சொல்லில் கூற முடிந்தது. அகப்பாடல்களின் சுருக்கத்திற்கும் ஆழத்திற்கும் இவ்வுடன்பாடு ஒரு பெருங்காரணம்.

பைரவும் அவ்வாறே வாழ்க்கையில் வேர் கொண்டது. வடநாட்டு இசை மாணாக்கர் விடியுமுன் எழுந்து கீழ்ச்சட்ஜத்தில் குரலை நீள நிறுத்திப் பயிலும் வழக்கம் உடையவர்கள். துயில் நீங்கிய குரல் தாழ்ந்தும் கனத்தும் நிற்கும் வேளை அது. விரைந்தோடும் அணிகளுக்கு அக்குரல் இணங்காது. நின்று அசையும் சுரங்களுக்கு இணங்கும். கோயிலில் இறைவனைத் துயிலெழுப்பும் பொழுதும் அதுவே. பைரவில் பலரும் பாடும் சாகித்தியங்களுள் கண்ணனைத் துயிலெழுப்பும் பொருளில் அமைந்தது ஒன்று உண்டு. நம் திருப்பள்ளியெழுச்சியின் உடன்பிறப்பு என்றே அதனைக் கூறலாம்.

நிலத்தின் இயல்பையும் ஈண்டு கருதுதல் வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்குக் கதிரவன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணியை ஒட்டியே எழுகிறான். வைகறையும் விரைந்து கழிந்துவிடுகிறது. தில்லியிலோ சூன் திங்களில் காலை 5.30-க்கு முன்னரே பொழுது புலர்கிறது. சனவரியில் ஏழு மணி கடந்தும் கதிரவன் தோன்றுவதில்லை. அங்கு வைகறை நம்முடையதினும் நீண்டது, பருவந்தோறும் மாறுவது. இருளும் ஒளியும் எல்லை காண முடியாதபடி கலந்து நிற்கும் அப்பொழுதை நோக்கி வாழ்ந்த மக்கள், ஒரு சுரத்தில் நின்று நெடுநேரம் அசையும் இசையை அதற்குத் துணையாக்கிக் கொண்டதில் வியப்பில்லை.

இவ்வுடன்பாடு சமய எல்லையையும் கடந்தது. சிவன் பெயரால் அமைந்த இவ்விராகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களுள் முஸ்லிம் இசைக்குடும்பத்தார் பலர். காசியில் வாழ்ந்த ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான் (1916–2006) கங்கைக்கரையில் பாலாஜி கோயிலில் அமர்ந்து பயின்றவர். தம் சமய நெறியிலும் வழுவாதவர். 2001-இல் பாரத ரத்னா விருது அவரைச் சேர்ந்தது. பொழுதும் இசையும் பொதுவுடைமை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

உடன்பாட்டின் ஆற்றலை நன்கு பயன்படுத்திய திரைப்படம் ஒன்றையும் சுட்டலாம். 1956-இல் வெளிவந்த ‘ஜாக்தே ரஹோ’ கல்கத்தா நகரில் ஓர் இரவில் நிகழும் கதை. குடிக்கத் தண்ணீர் தேடும் ஏழைச் சிற்றூரான் ஒருவனைக் கள்வனென்று கருதி விரட்டுகிறார்கள். பெருமனிதர் எனப்படுவோரின் களவுகளை அவன் இரவெல்லாம் காண்கிறான். இறுதியில் பொழுது விடிகிறது; ஒரு பெண் அவனுக்கு நீர் வார்க்கிறாள். சலீல் சௌத்ரி இசையமைத்து லதா மங்கேஷ்கர் பாடிய அவ்விறுதிப் பாடல் பைரவில் அமைந்தது. இராகத்தின் பொழுதை அறியாதவர்க்கு அது இனிய பாடல். அறிந்தவர்க்கோ அந்த மனிதனின் இருண்ட இரவு முடிந்தது என்னும் தீர்ப்பைச் சொற்களுக்கு முன்பே இசை வழங்கிவிடுகிறது. இது அறிவு தரும் கூடுதல் இன்பம். உடன்பாடு வெறும் கற்பனையாயின் இவ்வின்பம் கிட்டுமா?

மேடையும் ஒலிப்பதிவும்

இன்று பைரவுக்கு நேர்ந்துள்ள இடர் வேறு வகையானது. இசையரங்குகள் மாலையில் தொடங்கி முன்னிரவில் முடிகின்றன. காலை இராகங்களைப் பயின்ற இசைவாணர்க்கு அவற்றை அரங்கேற்றக் காலை வாய்ப்பதில்லை. பீம்சேன் ஜோஷி தம் குருநாதர் நினைவாக 1953-இல் புணேயில் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா முற்காலத்தில் விடிய விடிய நடைபெற்றது. இரவெல்லாம் கேட்டிருந்தோர் விடியற்காலை இராகங்களை விடியற்காலையிலேயே கேட்டனர். 2000-இல் இந்தியாவில் வந்த ஒலிமாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு பத்து மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடைசெய்தபின் அத்தகைய இரவுகள் அரிதாயின. நகர மக்களின் உறக்கமும் காக்கப்பட வேண்டியதே. சட்டத்தைக் குறைகூற இடமில்லை. ஆயினும் இராகங்கள் தம் பொழுதை இழந்ததும் உண்மையே.

ஒலிப்பதிவு இவ்விழப்பை ஒருவாறு ஈடுசெய்கிறது. ஒருவாறு பெருக்கவும் செய்கிறது. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வாழும் நாம் விரும்பிய பொழுதில் பைரவைக் கேட்க முடிகிறது. ஆனால் எப்போதும் கிடைப்பது எனும் எண்ணம் வந்தவுடன், அதற்கெனக் காத்திருக்கும் மனநிலை மறைந்துவிடுகிறது. காத்திருத்தல் அன்றோ வைகறையின் சுவை!

கேட்கும் முறை

எனவே இவ்விராகத்தை அறிய விழையும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சில கூறலாம். ஒரு விடுமுறை நாளில் பொழுது புலருமுன் எழுந்து இதனைக் கேளுங்கள். தொடக்கத்தில் தாளமின்றி வரும் ஆலாபனையில் ரிஷபத்தின் அசைவை மட்டும் கவனியுங்கள். அது எங்கிருந்து இறங்கி வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது சட்ஜத்தில் அடைக்கலம் புகுகிறது என நோக்குங்கள். அடுத்துத் தைவதத்தை அவ்வாறே நோக்குங்கள். பின்னர் மெதுவான கயால் பாடல் தொடங்கும். அதன் ஒரு தாளவட்டம் ஒரு நிமிடம்கூட நீளலாம். பொறுமை இழக்க வேண்டா. அதன்பின் நம் மாயாமாளவகௌளைக் கீர்த்தனம் ஒன்றைக் கேளுங்கள். ஒரே எழுத்துகளால் இருவேறு மொழிகள் எழுதப்படுவதைக் காது தானே கண்டுகொள்ளும்.

வடநாட்டு இசை தூங்கி வழிகிறது என்று நம்மவருள் சிலர் எளிதாகக் கூறிவிடுவர். நம் இசை ஓயாது ஓடுகிறது என்று அவர்களுள் சிலரும் கூறக்கூடும். தன் நடையை அளவுகோலாகக் கொண்டு பிறர் நடையை அளப்பதால் விளையும் குறை இது. பைரவை அதன் மரபுக்குள் நின்று கேட்கப் பழகிய மாணவன், அகப்பாடலையும் அதன் மரபுக்குள் நின்று படிக்கப் பழகுவான். திணையும் துறையும் தேர்வுக்கு மனனம் செய்யும் பட்டியல்கள் அல்ல, முன்னோர் நம்மோடு பேசுவதற்கு விட்டுச்சென்ற உடன்பாடுகள் என்பதை உணர்வான்.

உடன்பாட்டைக் காப்பவர் இருக்கும்வரைதான் உடன்பாடு வாழும். கேட்போர் மறந்துவிட்டால் பைரவ் ஏழு சுரங்களாகச் சுருங்கும். கற்போர் மறந்துவிட்டால் வைகறை கடிகாரத்தின் ஒரு மணியாகச் சுருங்கும். அவ்வாறு சுருங்காமல் காப்பது கற்பிப்போர் கடமை.